ஒரு சுத்துக்கு ரெண்டு இறாத்தல்

ஏப்ரல் 13, சனி

டயறி எழுதிறது இதுதான் முதல்தரம். தமிழில எழுதிறன். இங்கிலீசில தொடங்கினா ரெண்டாவது வரியிலயே வீடியோவுக்குக் கதைக்கிற குரல் வந்திடுது, கடைசியில "சப்ஸ்கிரைப் பண்ணுங்கோ" எண்டு முடிச்சிடுவன். பத்து வயதில கனடா வந்தனான், இப்ப இருவத்தொண்டு. எழுத்துப் பிழை கிடந்தா கிடக்கட்டும், ஆர் பாக்கப்போகினம்.

எழுதிறதுக்குக் காரணம்: இந்த வருசம் மான். கட்டாயம். நானும் அண்ணாவும் வில்லுத் தூக்கி நாலு வருசம், வேட்டை லைசன்ஸ் எடுத்து மூண்டு வருசம், இன்னும் ஒரு மான் இல்லை. எங்களுக்கு ஒருத்தரும் பழக்கேல்லை. கோவிட் நேரம் பேஸ்மென்றில இருந்து வீடியோ பாத்துப் பாத்துப் பழகினதுதான். முதல் மாசம் முழுக்க அண்ணா அம்பின்ர இறகைப் பிழையான பக்கம் வைச்சு எய்து, "இந்த வில்லு பழுது" எண்டு கடைக்கு ஈமெயில் எல்லாம் போட்டவர்.

ஒக்ரோபர் ஒண்டு சீசன் தொடங்கும். அது வரைக்கும் எல்லாத்தையும் எழுதி வைச்சா எங்க பிழை விடுறம் எண்டு பிடிக்கலாம்.

இண்டைக்கு எங்கட 'வில்லுக்காரர்' குறூப்பில (நூற்று நாப்பத்திமூண்டு பேர், கனடா, ஒஸ்ரேலியா, நியூசிலாந்துத் தமிழ்ச் சனம், நான்தான் அட்மின்) ஒரு புதுப்பெடியன் வந்து கேட்டவன்: "அக்கா, மான் வேட்டைக்கு வில்லு வாங்கவோ, குரொஸ்போ வாங்கவோ?"

எனக்குக் கை துருதுருத்திட்டுது. பதினாலு பொயின்ற் எழுதினனான். குரொஸ்போ எண்டா வில்லைக் குறுக்கால படுக்க வைச்சு, துவக்குப் பிடி பூட்டி, விசையும் வைச்ச சாமான். ஒருக்கா நாணை இழுத்துக் கொழுவிட்டா அதுவே பிடிச்சுக்கொண்டு நிக்கும், நீங்கள் பக்கத்தில குந்தியிருந்து கோப்பி குடிக்கலாம். வில்லு அப்பிடியில்லை. மான் வரேக்க நீங்கள்தான் இழுக்கோணும், நெஞ்சு படபடக்கப் படபடக்க நீங்கள்தான் பிடிச்சு நிக்கோணும். பதினாலாவது பொயின்ற்: "கை இருக்கிறவைக்கு வில்லு. மிச்சாக்களுக்கு குரொஸ்போ."

முப்பத்தெட்டு லைக். முதல் லைக் அண்ணா. மேல் மாடியில இருந்து போட்டிட்டு, கீழ கேக்கிற மாதிரிச் சிரிக்கிறார்.

எங்கட வீட்டில இது கேள்வியே இல்லை எண்டது வேற கதை. விசை இருக்கிற ஒரு சாமானும் வாசல் தாண்டப்படாது. அம்மான்ர சட்டம். சின்னனில தண்ணித் துவக்குக்கூட வாங்கித் தரேல்லை. ஊரில, சண்டையின்ர கடைசி வருசம், அப்பாவுக்கு என்ன நடந்ததெண்டு அம்மா முழுசாச் சொன்னதில்லை. நாங்களும் கேக்கிறேல்லை. வில்லுக்கு மட்டும், "சாமி கையில இருக்கிறதுதானே" எண்டு விட்டவா.

ஏப்ரல் 21, ஞாயிறு

ஸ்னோ முழுக்கக் கரைஞ்சு போச்சு. பின்வளவில இலக்குப் பெட்டி வைச்சு முதல் பயிற்சி. அண்ணான்ர வில்லை இழுக்க அறுவது இறாத்தல் பலம் வேணும். பவுண்ட் எண்டு எல்லாரும் சொல்லுவினம்; ஊரில பாணை இறாத்தல் கணக்கில வாங்கின அம்மாவால எங்கட வீட்டில எல்லாமே இறாத்தல்.

இருவத்திநாலு அம்பு எய்யிறது வழமை. அண்ணா ஒம்பதோட வில்லைக் கொழுவிட்டார். "குளிர், விரல் விறைச்சுப் போச்சு" எண்டார். பதினாறு டிகிரி.

மே 5, ஞாயிறு

உடுப்புத் தோய்ச்சு, மடிச்சு, கொலிஜ் அசைன்மென்ற் ஒண்டு அனுப்பி, அண்ணாக்கும் எனக்கும் தேத்தண்ணி போட்டன். அண்ணா கோப்பையை வாங்கி அப்பிடியே விட்டிட்டார். தவறி விழுந்ததில்லை, சும்மா விட்ட மாதிரி. நிலம் முழுக்கத் தேத்தண்ணி.

"புரொபெசர், இதுக்கு ஒரு வீடியோ போடு, கோப்பை பிடிப்பது எப்பிடி எண்டு."

என்னை புரொபெசர் எண்டுதான் கூப்பிடுவார். நான் எல்லாத்துக்கும் இன்ரநெற்றில படிச்சுப்போட்டு வந்து வகுப்பு எடுக்கிறனாம்.

மே 19

அண்ணா வில்லை ரெண்டு சுத்துக் குறைக்கச் சொன்னவர். வில்லின்ர ரெண்டு முனையிலயும் ஆணி இருக்கு, அதை அலன் சாவியால ஒரு சுத்துத் தளத்தினா ரெண்டு இறாத்தல் இறங்கும். மேலயும் கீழயும் ஒரே அளவாச் சுத்தோணும். அது என்ர வேலை, அண்ணாவுக்குப் பொறுமை இல்லை.

இப்ப ஐம்பத்தாறு. தோள்மூட்டுப் பிரச்சினை எண்டு நினைக்கிறன். ஃபக்ரறியில கார்க் கதவுப் பிளாஸ்ரிக் தூக்கித் தூக்கி வந்திருக்கும்.

ஜூன் 8, சனி

ஐம்பத்திரெண்டு.

பயிற்சி முடியப் படியில இருந்தம். அண்ணா செருப்பைப் பாத்துக்கொண்டு கேட்டவர், "ஏன் ஆரணி, இந்தக் குரொஸ்போ எப்பிடி இருக்கும்? சும்மா பகிடிக்குத்தான் கேக்கிறன்."

"பகிடிக்கும் கேக்காதேங்கோ."

"இல்லை, ஒரு கதைக்கு."

நான் பதினாலு பொயின்றையும் திருப்பி ஒப்புவிச்சன். அண்ணா எல்லாத்துக்கும் தலையாட்டினார். பிறகு நான், "அதோட அம்மா விடுவாவே? வாசலிலயே மயங்கி விழுந்திடுவா" எண்டன்.

"அதுவும் சரிதான்," எண்டிட்டு எழும்பிப் போட்டார். வில்லை எடுத்துக்கொண்டு போகேல்லை, நான்தான் உள்ள கொண்டுபோய் வைச்சன்.

ஜூன் 9

தோளைப் பலப்படுத்த பதினொரு வீடியோ பாத்தன். ஆறு கிழமைத் திட்டம் றெடி. ரப்பர்ப் பட்டி ஓடர் பண்ணியாச்சு. நாங்கள் இதை வெல்லுவம்.

ஜூலை 6, சனி

திட்டத்தில நாலாம் கிழமை. அண்ணா ஒருநாளும் விடாமச் செய்யிறார். வியாழக்கிழமை மட்டும் ஏலாது, ஓவர்ரைம். வியாழக்கிழமை எண்டா அம்மாவும் கோயிலுக்குப் போயிடுவா, நான்தான் சமையல். அம்மா வெள்ளிக்கிழமைக்காரி, இப்ப திடீரெண்டு வியாழன் பிடிச்சிருக்கிறா.

ஆனா கை இன்னும் நடுங்குது. வலது கை, பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில இருக்கிற சதை, பள்ளம் விழுந்த மாதிரி இருக்கு. வில்லுப் பிடிச்சு அமுங்கி இருக்கும்.

ஜூலை 13

இதை எழுதோணுமோ தெரியேல்லை. எழுதிறன், எல்லாத்தையும் எழுதிறது எண்டுதானே தொடங்கினது.

அண்ணா வேலைக்குப் போன நேரம் அவற்ற வில்லை ஒரு சுத்துத் தளத்தினனான். சொல்லேல்லை. ஐம்பது. எடை குறைஞ்சா அம்பு மெதுவாப் போய்க் கீழ குத்தும், அதால குறி பாக்கிற சட்டத்தில இருக்கிற பின்னையும் ஒரு துளி கீழ இறக்கி விட்டன். எடை பாக்கிற தொங்கு தராசை என்ர அலுமாரிக்குள்ள ஒளிச்சு வைச்சிட்டன்.

இது ஏமாத்து இல்லை. கோச்சிங். நம்பிக்கை வந்தாத்தான் உடம்பு வரும் எண்டு ஒராள் வடிவா விளங்கப்படுத்தியிருக்கிறார், நாலு லட்சம் பேர் பாத்த வீடியோ.

ஜூலை 14, ஞாயிறு

வேலை செய்யுது. அண்ணா பதினெட்டு அம்பு எய்தவர். கடைசி மூண்டும் ஒரே இடத்தில, ஒரு தேத்தண்ணிக் கோப்பைக்குள்ள அடங்கும்.

"புரொபெசர், உன்ர ரப்பர் வேலை செய்யுது போல," எண்டார்.

நான் துள்ளின துள்ளில பக்கத்து வீட்டு நாய் குலைக்கத் தொடங்கிட்டுது. அண்ணா என்னைப் பாத்துக்கொண்டே நிண்டார், வில்லை நெஞ்சோட அணைச்சுக்கொண்டு. வீடியோ எடுத்து குறூப்பில போட்டன். தலைப்பு: "கை இருக்கிறவைக்கு வில்லு, பாகம் ரெண்டு."

ஜூலை 28

ரெண்டு சுத்து. நாப்பத்தாறு. குறிப் பின் இன்னும் கொஞ்சம் கீழ.

ஓகஸ்ட் 11, ஞாயிறு

ஜெறி மாமான்ர தோட்டத்துக்குப் போனம். லின்ட்ஸிக்கு அங்கால சோளமும் சோயாவும் போட்டிருக்கிற விவசாயி. மான் வந்து சோயாவைத் தின்னுதெண்டு எங்களுக்கு வேட்டைக்கு அனுமதிக் கடிதம் தந்தவர். மாமா எண்டு நாங்கள்தான் பேர் வைச்சனாங்கள், அவருக்குத் தெரியாது.

கார் நான்தான் ஓடினது. அண்ணா நித்திரை வருது எண்டார், ஆனா வழி முழுக்க முழிச்சுக்கொண்டுதான் வந்தவர்.

மரத்தில கட்டின இருக்கைக்கு ஏணி பதினாறு படி. அண்ணா நாலாம் படியில நிண்டு கொஞ்ச நேரம் கீழ பாத்தார். "இந்த வருசம் கூடாரம் அடிச்சு நிலத்திலயே இருப்பம். மேல காத்து," எண்டார். நல்ல ஐடியாதான். நானும் அதைத்தான் நினைச்சுக்கொண்டிருந்தன்.

சோயாக் கரையில ஒரு பெட்டை மான். இடது காதில ஒரு வெட்டு. எங்களைப் பாத்திட்டும் ஓடேல்லை.

"உவளைத்தான்," எண்டு அண்ணா மெல்லமாச் சொன்னார். "காது வெட்டினவளை எனக்கு விடு. நீ வேற ஒண்டைப் பாத்துக்கொள்."

"வில்லாலதானே?"

"வேற என்னத்தால. கொட்டன் தடியாலயே."

ஓகஸ்ட் 18

ஒரு சுத்து. நாப்பத்திநாலு.

அம்மா அண்ணாவுக்குச் சோறு குழைச்சு உருட்டிக் கையில வைக்கிறா. இருவத்தேழு வயது. "எனக்கும் தாங்கோவன்" எண்டு கேட்டன். "உனக்குக் கை இருக்குத்தானே," எண்டிட்டு, சொன்னதுக்குப் பிறகு அம்மா எழும்பிக் குசினிக்குள்ள போட்டா. தண்ணி திறந்த சத்தம் கனநேரம் கேட்டது.

எனக்கு விளங்கேல்லை.

எனக்கு விளங்குது. எழுதேல்லை.

ஓகஸ்ட் 31, சனி

ரெண்டு சுத்து. நாப்பது. ஆணி முடிஞ்சுது. இதுக்கு மேல தளத்தினா வில்லே கழண்டுவிடும். சட்டமும் இதுதான், மானுக்கு வில்லு கிட்டத்தட்ட நாப்பது இறாத்தலாவது இருக்கோணும்.

அண்ணா புதுச் சப்பாத்து வாங்கியிருக்கிறார். நாடா இல்லை, ஒட்டிற பட்டி. "இதுதான் இப்ப ஃபாஷன்," எண்டார்.

செப்ரெம்பர் 14, சனி

வில்லைத் தூக்கினார். இழுத்தார். நாண் ஒரு சாண் வந்தது. நிண்டிட்டுது.

திருப்பி இழுத்தார். முகம் எல்லாம் இறுகி, கழுத்து நரம்பு தெறிச்சு. ஒரு சாண்.

"காணும், விடுங்கோ அண்ணா, இண்டைக்கு வெக்கை."

மூண்டாந்தரமும் இழுத்தார். பிறகு வில்லைப் புல்லில வைச்சார். எறியேல்லை. வடிவா, நாண் மேல பாக்கிற மாதிரி வைச்சார்.

செப்ரெம்பர் 15, ஞாயிறு

காலமை இடியப்பம் பிழிஞ்சுகொண்டு நிண்ட அம்மா திரும்பாமலே சொன்னா:

"பிள்ளை, அந்தத் துவக்கு வில்லை வாங்குங்கோ."

"எந்த?"

"அதுதான், விசை வைச்சது. கொண்ணாவுக்கு."

"அம்மா, வீட்டுக்குள்ள..."

"வாங்குங்கோ எண்டு சொல்லுறன். கெதியா வாங்குங்கோ."

அம்மா ஓம் எண்டதுக்கு நான் சந்தோசப்பட்டிருக்கோணும். எனக்கு அப்பதான் பயம் வந்தது. தீபாவளிக்கு வெடி கொளுத்தினாலே கதவைப் பூட்டிப்போட்டு அறைக்குள்ள இருக்கிற மனுசி.

செப்ரெம்பர் 16, திங்கள்

அண்ணா வேலைக்குப் போகேல்லை. ஒரு மாசமாப் போறேல்லையாம். லீவாம். எனக்குத்தான் தெரியாது. காலமை என்னோட சேந்து வெளிக்கிட்டு, நான் கொலிஜ் போன பிறகு திரும்பி வந்திருக்கிறார்.

பின்வளவுப் படியில கூப்பிட்டு இருத்தி வைச்சு, வில்லை என்ர மடியில வைச்சார்.

"பின் எங்க நிக்குது எண்டு பார்."

"எந்தப் பின்?"

"நடிக்காத, ஆரணி. சட்டத்தில வடிவாப் பார். மே மாசம் நான் பேனையால கோடு போட்டு வைச்சனான்."

பாத்தன். சின்னக் கறுப்புக் கோடு. பின் அதுக்கு ஒரு விரல்கடை கீழ நிக்குது.

"எப்ப தெரியும்?"

"நீ முதல் சுத்துச் சுத்தின அண்டைக்கே. வில்லைத் தொட்டாலே தெரியும்தானே. நீதான் படிச்சனியோ, நாங்களும் அதே வீடியோதானே பாத்தனாங்கள்."

"அப்ப ஏன் சொல்லேல்லை?"

"நீ துள்ளினாய்," எண்டார். "நாய் குலைச்சது. ஞாபகமே?"

பிறகு சொன்னார். வியாழக்கிழமை ஓவர்ரைம் இல்லை, ஒஸ்பிற்றல். அம்மா கோயிலுக்குப் போகேல்லை, கூடப் போனவா. நரம்பு வருத்தம். மூண்டு எழுத்துப் பேர் ஒண்டு சொன்னார். அதை இஞ்ச எழுதமாட்டன். முதல் கையாம். பிறகு கால். பிறகு விழுங்கிறது, கதைக்கிறது. பிறகு மூச்சு. மருந்து இருக்காம், கொஞ்சம் மெதுவாக்குமாம், அவ்வளவுதான்.

"சிலருக்குக் கனகாலம் எடுக்கும். எனக்குக் கொஞ்சம் கெதியாப் போகுதெண்டு டொக்டர் சொன்னவ."

"ரப்பர்ப் பயிற்சி கூடாதோ?"

"அவ்வளவு கஷ்டப்படுத்த வேண்டாமெண்டவ."

"எப்ப சொன்னவ?"

அண்ணா என்ர தலையில கையை வைச்சார். பாரமே இல்லை, ஒரு தொப்பி மாதிரி.

"ஜூன்ல குரொஸ்போ கேட்டது பகிடியில்லை என்ன?"

"நாளைக்குக் கடைக்குப் போவம் புரொபெசர். எது நல்லதெண்டு பதினாலு பொயின்ற் எடுத்து வை," எண்டார்.

செப்ரெம்பர் 17

ஜூன், ஜூலை, ஓகஸ்ட், செப்ரெம்பர் பாதி.

அவ்வளவுதான் இண்டைக்கு.

ஒக்ரோபர் 5, சனி

சீசன் தொடங்கி அஞ்சாம் நாள், ஆனா கடையில ஓடர் பண்ணின குரொஸ்போ நேற்றுத்தான் வந்தது. பெட்டியை நான்தான் உடைச்சன். அம்மா வாசலில நிண்டவா. உள்ள கொண்டுவரேக்க ஒரு பக்கம் விலகி நிண்டு வழி விட்டவா. பிறகு துவாய் ஒண்டு கொண்டுவந்து அதுக்கு மேல போட்டவா, பிள்ளைக்குப் போர்க்கிற மாதிரி.

பின்வளவில காட்டினன். முன்னால இருக்கிற வளையத்துக்குள்ள காலை வைச்சு, கயிறு போட்டு ரெண்டு கையாலயும் நாணை இழுக்கோணும். அண்ணாவுக்கு ஏலாது, நான்தான் இழுக்கிறன். நாண் போய்க் கொழுவேக்க ஒரு கிளிக் கேட்கும். அந்தச் சத்தத்துக்கு அம்மா கண்ணை மூடினவா. ஆனா உள்ள போகேல்லை.

"இதைத் திருப்பி இறக்கிறது எப்பிடி?" எண்டு கேட்டா.

"இறக்க ஏலாது அம்மா. வில்லு எண்டா இழுத்துப்போட்டு, வேண்டாமெண்டா மெல்லமாத் திருப்பி விடலாம். இதை இழுத்தா சுட்டே ஆகோணும். வேட்டை முடியக் காருக்குள்ள ஏத்த முதல், நிலத்துக்கு ஒரு அம்பு சுட்டுத்தான் வெறுமையாக்கிறது."

"சுடாம வீட்டை கொண்டுவர ஏலாதோ?"

"ஏலாது. சட்டமும் விடாது."

அம்மா "நல்ல சாமான்," எண்டிட்டு உள்ள போட்டா. பகிடியாச் சொன்னவாவோ தெரியேல்லை.

அண்ணா மேசையில பிடியை வைச்சுக் குந்தியிருந்து சுட்டார். ஆறு அம்பு, ஆறும் நடு. உண்மையா நடு. நான் ஒரு பின்னையும் தொடேல்லை.

"என்னடி இது, இவ்வளவு சுகமா இருக்கு," எண்டார். "இதுக்கே நாலு வருசம் பேசினனாங்கள்?"

சிரிச்சுச் சிரிச்சுச் சொன்னவர். நான் அம்பு பொறுக்கப் போனன். ஆறு அம்பு பொறுக்க எவ்வளவு நேரம் எடுக்கலாமோ அவ்வளவு நேரம் எடுத்தன்.

ஒக்ரோபர் 19, சனி

கூடாரம். ஆறு மணித்தியாலம். ஒரு முயல், ரெண்டு காட்டுவான்கோழி. அண்ணாவுக்கு மூத்திரம் வந்தது, சிப் இழுக்க ஏலேல்லை. நான் இழுத்துவிட்டிட்டு அங்கால பாத்துக்கொண்டு நிண்டன். "இதையும் வீடியோவில போடாத," எண்டார்.

நவம்பர் 3

காது வெட்டினவள் வந்தவள். அறுவது யார், நூற்றெண்பது அடி. தூரம். அண்ணா விடேல்லை. "நிச்சயமில்லாம அடிக்கப்படாது, நீதானே எழுதினனி," எண்டார். ஏழாம் பொயின்ற்.

கை செப்ரெம்பரில இருந்த மாதிரி இல்லை. இப்ப கரண்டியும் அம்மாதான்.

நவம்பர் 23, சனி

அண்ணாவுக்குக் காய்ச்சல். போகேல்லை. வில்லு ரெண்டையும் துடைச்சு நாணுக்கு மெழுகு பூசினன். அண்ணான்ர வில்லை அறுவதுக்குத் திருப்பி ஏத்தி, பின்னைக் கறுப்புக் கோட்டில கொண்டுபோய் வைச்சிருக்கிறன். ஏனெண்டு தெரியேல்லை.

டிசெம்பர் 7, சனி

மெல்லமா எழுதிறன், ஒண்டையும் விடப்படாது.

மைனஸ் மூண்டு. காத்து இல்லை. ரெண்டு மணிக்கே கூடாரத்துக்குள்ள போயிட்டம். நான் நாணை இழுத்துக் கொழுவி, அம்பு வைச்சு, மூண்டுகால் நிலையில பூட்டி, அண்ணான்ர தோளில பிடியைப் பொருத்தி, அவற்ற விரலை எடுத்து விசைக்குப் பக்கத்தில வைச்சன். கையுறைக்குள்ள சூடாக்கிற பை ரெண்டு.

"இஞ்ச பார்," எண்டார். கதை இப்ப கொஞ்சம் இழுபடுது, குடிச்ச ஆள் மாதிரி, அதுக்கும் அவரே பகிடி விடுவார். "நான் சொன்னாலொழிய நீ தொடப்படாது. சத்தியம்?"

"சத்தியம்."

மூண்டே முக்காலுக்கு வந்தவள். காதில வெட்டு. சோளக்கட்டையில மிச்சம் கிடந்ததைப் பொறுக்கிப் பொறுக்கி எங்களை நோக்கியே வாறாள். நாப்பது யார். முப்பது. இருவது. மூக்கில இருந்து வாற புகை தெரியுது. பக்கவாட்டில திரும்பி, தலையைக் குனிஞ்சு, நிண்டிட்டாள். இதைவிட வடிவான நிலை ஒரு வீடியோவிலயும் நான் பாக்கேல்லை.

நான் அண்ணான்ர விரலைத்தான் பாத்துக்கொண்டிருந்தன்.

பத்து வினாடி. இருவது. பிறகு எண்ணேல்லை. அவர் குறி பாக்கிற கண்ணாடியில இருந்து கண்ணை எடுக்கேல்லை. கழுத்து நரம்பு தெறிச்சுக்கொண்டு நிண்டது, செப்ரெம்பரில மாதிரி. விரல் வைச்ச இடத்திலயே இருந்தது. நான் அவற்ற முகத்தைப் பாத்து, என்ர கையைத் தூக்கிக் காட்டினன். சொல்லுங்கோ. ஒரு சொல்லுக் காணும், தலையாட்டினாலும் காணும்.

சொல்லேல்லை.

அவள் தலையைத் தூக்கி எங்கட ஜன்னலைப் பாத்தாள். கனநேரம் பாத்தாள். பிறகு நடந்து போனாள். ஓடவும் இல்லை.

"போகட்டும்," எண்டார் அண்ணா. "வடிவா இருந்தாள் என்ன. சும்மா பாத்துக்கொண்டிருக்க நல்லாத்தான் இருந்தது."

"ஓம் அண்ணா."

"அடிக்க மனம் வரேல்லை."

"ஓம்."

நாலரைக்கு மேல இருளத் தொடங்கினது. வீட்டை போகோணும். குரொஸ்போ இழுத்தபடி நிக்குது, இறக்க ஏலாது. கூர் அம்பை எடுத்திட்டு, மொட்டை அம்பு ஒண்டை வைச்சு, கூடாரத்துக்கு வெளியில நிலத்துக்கு நேரப் பிடிச்சன். பிறகு அதைக் கீழ வைச்சிட்டுத் திரும்பிப்போய் அண்ணாவைக் கூட்டிக்கொண்டு வந்து, முன்னால நிக்க வைச்சு, பின்னால இருந்து கட்டிப் பிடிச்சு அவற்ற கைக்குள்ள குடுத்தன். அவற்ற விரலை விசையில வைச்சு, அதுக்கு மேல என்ர விரலை வைச்சன்.

"ஒண்டு, ரெண்டு," எண்டு அண்ணா எண்ணினார்.

மூண்டு எண்டதும் அமத்தினம். அவற்ற விரல் என்ர விரலுக்குக் கீழ சும்மா இருந்தது. ஈர ரிஸ்யூப் பேப்பர் மாதிரி. ஒரு துளி அழுத்தமும் இல்லை. அமத்தினது நான்தான்.

அம்பு இறகு வரைக்கும் மண்ணுக்குள்ள போயிட்டுது. உறைஞ்ச நிலம், இழுத்துப் பாத்தன், வரேல்லை.

"விடு, கிடக்கட்டும்," எண்டார். "நாங்கள் வந்ததுக்கு அடையாளம்."

டிசெம்பர் 8

குறூப்பில எழுதினன்: "நேற்று இருவது யாரில பெட்டை மான். அண்ணா விரும்பி விட்டுக்குடுத்தவர். உண்மையான வேட்டைக்காரன்." தொண்ணூற்றியொரு லைக்.

அண்ணா விரும்பித்தான் விட்டவர்.

டிசெம்பர் 31

சீசன் முடிஞ்சுது. நாங்கள் பிறகு போகேல்லை.

பெப்ரவரி 16, ஞாயிறு

கனநாளா எழுதேல்லை. எழுத நேரமில்லை. அண்ணாவைக் குளிக்க வார்க்க ஒரு மணித்தியாலம், சாப்பாடு அரைச்சுக் குடுக்க ஒரு மணித்தியாலம், பிறகு கொலிஜ் வகுப்பு ஒன்லைனில. அம்மா வேலையை விட்டிட்டா. குரொஸ்போ அண்ணான்ர அறையிலதான் சுவரில தொங்குது, அம்மாவே ஆணி அடிச்சுத் தொங்கவிட்டவா. வெள்ளிக்கிழமையில சாமிப் படம் துடைக்கேக்க அதையும் துடைக்கிறா.

இண்டைக்குக் குறூப்பில ஒரு பிள்ளை கேட்டிருந்தாள், ஒக்லண்டில இருந்து: "அக்கா, நானும் அப்பாவும் வேட்டைக்குப் போக ஆசை. வில்லு வாங்கிறதா குரொஸ்போ வாங்கிறதா? வில்லு பழக ஒரு வருசம் எடுக்குமாம், உண்மையே?"

அதுக்குக் கீழ ஆரோ என்ர பழைய பதினாலு பொயின்றையும் கொண்டுவந்து ஒட்டியிருக்கினம். தட்டிப் பாத்தன். இப்ப நூற்றியெட்டு லைக். முதலாவது பேர் நிரோஜன், அண்ணா. இன்னும் அப்பிடியே இருக்கு. அவர் அந்த லைக்கை எடுக்கேல்லை. எடுக்க மறந்தாரோ, எடுக்க விரல் வரேல்லையோ, இல்லாட்டி எனக்காக விட்டாரோ. இதைப் போய் அவரிட்டைக் கேக்க என்னால ஏலாது.

பதினாலையும் அழிச்சன். பிறகு அந்தப் பிள்ளைக்கு எழுதினன்:

"தங்கச்சி, அப்பாவுக்கு எது சுகமெண்டு அவரிட்டைக் கேளுங்கோ. முதல்தரம் என்ன சொல்லுறாரோ அதை வாங்குங்கோ. பகிடிக்குச் சொன்னாலும் அதையே வாங்குங்கோ. இந்த வருசமே போங்கோ."

உடன மறுமொழி: "அவ்வளவுதானா அக்கா? விளக்கம் ஒண்டும் இல்லையா?"

தட்டத் தொடங்கினன். நாலு வரி தட்டி அழிச்சு, திருப்பித் தட்டினன்.

மேல மணி அடிக்குது. சாமியறை மணியை அம்மா கட்டில் காலடியில கட்டிவிட்டிருக்கிறா, அண்ணா காலால தட்டுவார். ஒண்டு எண்டா தண்ணி, ரெண்டு எண்டா பிரட்டிவிடோணும், மூண்டு எண்டா மூக்குக் கடிக்குது, வந்து சொறிஞ்சு விடு.

மூண்டு.